கதவைப் பூட்டவும்

ஜெயபுரத்தில் நாற்பத்திரண்டு வீடுகள் ராஜினியின் பொறுப்பில் இருந்தன. பொறுப்பு என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு செம்மஞ்சள் மேலங்கி, ஒரு விசில், பத்துக் கேள்விகள் அச்சடித்த படிவக் கட்டு. அவ்வளவுதான்.

கிளிநொச்சியிலிருந்து தீயணைப்பு வண்டி ஜெயபுரத்துக்கு வந்து சேர முக்கால் மணித்தியாலம் ஆகும். அதுவும் வழியில் மாடுகள் படுத்திருக்காவிட்டால். ஓலைக் குசினி எரிந்து முடியப் பத்து நிமிடம் போதும். இதைப் பார்த்துத்தான் அரசாங்கம் ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், நெருப்புப் பிடிக்காமலே ஊர் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஊருக்குள்ளேயே ஒருவரைத் தெரிந்தெடுத்துப் பழக்கி வீடு வீடாக அனுப்ப வேண்டும். எல்லா வீடும் சரிவந்த ஊருக்கு, உழவு இயந்திரத்தில் இழுத்துப் போகிற தண்ணீர்த் தாங்கியும் பம்பும் தருவார்கள்.

ராஜினியைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் அவளுடைய குரல். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் மலையகத்தை விட்டு வந்த தாய்தகப்பனுக்கு ஜெயபுரத்தில் பிறந்தவள், வயது முப்பத்தெட்டு. ஒழுங்கையின் இந்தத் தலைப்பில் நின்று ஆட்டைக் கூப்பிட்டால் அந்தத் தலைப்பில் உள்ளவர்களின் ஆடும் திரும்பிப் பார்க்கும்.

இரண்டு மாதத்தில் அவள் செய்த வேலை கொஞ்சமல்ல. தட்டுப்பாட்டுக் காலத்தில் கட்டிலுக்குக் கீழே பதுக்கி, பிறகு மறந்தே போன பெற்றோல் கான்களை வெளியே எடுப்பித்தாள். அடுப்புக்கு மேலே விறகு அடுக்கிக் காயவைத்த வீடுகளில், விறகு இறங்கும்வரை குசினி வாசலை விட்டு அசையாமல் நின்றாள். கிழவர் சிற்றம்பலம் நுளம்புத்திரியைத் தலையணைக்குப் பக்கத்தில் கொளுத்திவைத்துப் படுக்கிறவர்.

"நுளம்பு என்ர காதுக்கைதானே பாடுது. திரியைக் காலடியில வைச்சால் அதுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

"தாத்தா, நுளம்பு கடிச்சா சொறியலாம். பாய் பத்துனா எதைச் சொறிவீங்க?" என்றபடி ராஜினி திரியைத் தகரத் தட்டில் வைத்து அறையின் மூலைக்குத் தள்ளினாள்.

மேலங்கியின் நிறம் ஒழுங்கையில் தெரிந்தாலே, "நெருப்புக்காரி வாறா, அடுப்படியைக் கூட்டு" என்று வீடுகளில் சத்தம் கேட்கும். அதைக் கேட்க ராஜினிக்குப் பிடிக்கும்.

நாற்பத்தொரு வீடு முடிந்தது. நாற்பத்திரண்டாவது நேசமலருடையது.

முன்கதவில், வெளிப்பக்கம், ஆமைப்பூட்டுத் தொங்கியது. உள்ளே தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்தது.

ஊருக்கு இது புதினமில்லை. நேசமலரின் மகள் கௌசலாவுக்கு, சண்டையின் கடைசி மாதங்களில், பதினேழு வயதில், முதுகில் செல் துண்டு பட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இப்போது முப்பத்து மூன்று வயது. சக்கரக் கதிரையில் இருந்து சட்டை தைக்கிறாள். தாய் கச்சான் தோட்டத்துக்கு, கடலை வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டித் திறப்பைக் கழுத்துக் கயிற்றில் போட்டுக்கொண்டு போவாள். பின்கதவுக்குக் குறுக்கே பலகை அடித்திருந்தது. யன்னல்களுக்குக் கம்பி. ராஜினியும் பதினான்கு வருடமாக அந்தப் பூட்டைக் கடந்து போனவள்தான். கையில் படிவத்தோடு வாசலில் நின்றபோதுதான் அது அவள் கண்ணில் பட்டது.

யன்னலடிக்குப் போனாள்.

"கௌசலா, ஏழாம் கேள்வியை வாசிக்கிறேன், கேளு. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மற்றவர் உதவியின்றி மூன்று நிமிடத்துக்குள் வெளியேற முடியுமா?"

மெசின் நின்றது. கௌசலா கதிரையை உருட்டிக்கொண்டு கம்பியடிக்கு வந்தாள். வாயில் இரண்டு குண்டூசி. எடுத்துச் சட்டையில் குத்திவிட்டுச் சிரித்தாள்.

"என்ன அக்கா, பகிடியோ?"

"நான் கேக்கல. அரசாங்கம் கேக்குது."

கௌசலா ஒழுங்கையைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மாசியில ஒருநாள் அயன் பண்ணேக்க கரண்ட் போயிட்டுது. மறந்துபோய்ச் சட்டைக்கு மேலயே அயனை விட்டுட்டு மெசினுக்குத் திரும்பீட்டன். கரண்ட் வந்தது தெரியேல்லை. திரும்பிப் பாக்கிறன், அறை முழுக்கப் புகை. வெட்டுத்துணி எரியுது. வயரை இழுத்துக் கழட்டிப்போட்டுக் குடிதண்ணிக் குடத்தைக் கவிட்டு நூத்தன். கதவைத் தட்டினன். ஆருக்குக் கேட்கும்? யன்னல் கம்பியில மூக்கை வைச்சு மூச்சு விட்டன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அம்மாக்குத் தெரியாது. தெரிஞ்சால் மெசினை வித்துப்போடுவா. எனக்கு அந்த மெசின்தான் கால்." அவள் கம்பியைப் பிடித்தாள். "நீங்களும் சொல்லாதேங்கோ. ஆனால் அக்கா, அந்த இடத்தில 'ஓம்' எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. எனக்குத் திறப்பு வேணும்."

அந்த நேரம் பார்த்து நேசமலர் தலையில் கச்சான் செடிக்கட்டோடு வந்து சேர்ந்தாள். அறுபத்தொரு வயது, இன்னும் நிமிர்ந்த நடை. ஏழாம் கேள்வியைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை.

"ஓம் எண்டு எழுது பிள்ளை."

"எப்படிங்க ஓம்? வெளியில பூட்டு தொங்குதே."

"உங்கட ஆக்கள்தானே பூட்டச் சொன்னது!" நேசமலர் உள்ளே போய், சுவரில் ஒட்டியிருந்த துண்டுப்பிரசுரத்தைக் கிழியாமல் உரித்துக்கொண்டு வந்தாள். போன மாதம் ராஜினியே வீடு வீடாகக் கொடுத்தது. "அஞ்சாவதை வாசி. சத்தமாய் வாசி."

ராஜினி வாசித்தாள். "தீயும் புகையும் பரவாமலிருக்க வீட்டின் கதவுகளைப் பூட்டி வைக்கவும்."

"கேட்டியோ? இவ்வளவு காலமும் ஊர் என்னை விசரி எண்டது. இப்ப அரசாங்கமே என்ர பக்கம்."

ராஜினி ஏழாம் கேள்வியை வெறுமையாக விட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

அந்த வெறும் கட்டம் ஊர்க்கூட்டம்வரை போனது. பொதுநோக்கு மண்டபத்தில் ஊர்ச் சங்கத் தலைவர் அப்புத்துரைக்குத் தண்ணீர்த் தாங்கி கண்ணுக்கு முன்னால் நின்றது. "ஒரு 'ஓம்' தானே ராஜினி? ரண்டு எழுத்து. போட்டுவிடு. தாங்கி வந்தால் ஊருக்குத்தானே நல்லது?"

"தாங்கி வந்து தண்ணி ஊத்துறப்போ கதவை யாரு திறக்கிறது தலைவரே?"

நேசமலர் பின்வரிசையில் இருந்து எழும்பினாள். கையில் துண்டுப்பிரசுரம். திட்டத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் அனோஜன் முன்னால் கதிரையில் இருந்தான். பருத்தித்துறைப் பக்கத்துப் பொடியன், முப்பது வயது, ஊருக்குள் மரியாதை. நேசமலர் ஐந்தாவது வரியைச் சபைக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கேட்டாள்: "தம்பி, இதை எழுதினது ஆர்?"

"நான்தான் அம்மா."

"பூட்டச் சொல்லி எழுதினீரோ இல்லையோ?"

அனோஜன் தாளை வாங்கிப் பார்த்தான். காது சிவந்தது. "அம்மா, நான் பூட்டச் சொன்னது… சாத்த. ஒரு அறைக்குள்ள நெருப்புப் பிடிச்சால் மற்ற அறைக்குப் போகாமல் உள்கதவைச் சாத்தி வைக்கச் சொன்னனான்."

"அப்ப சாத்த எண்டு எழுதுறதுக்கு என்ன?"

"எங்கட வீட்டில கதவைப் பூட்டு எண்டால் சாத்துறதுதான் அம்மா. யன்னலைப் பூட்டு எண்டுதானே சொல்லுவம்? யன்னலுக்கு ஆர் ஆமைப்பூட்டுப் போடுறது?"

"எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான். அதாலதான் ரண்டையும் செய்யிறனான். சாத்திப்போட்டுப் பூட்டுறனான்."

மண்டபம் சிரித்தது. நேசமலரும் சிரித்தாள், வென்றவள் சிரிப்பு.

ராஜினி சிரிக்கவில்லை. "எங்க ஆளுங்க வீட்டுல இந்தக் குழப்பமே இல்லைங்க சேர். பூட்டுன்னா சாவி போட்டுத் திருப்புறது. சாத்துறதுன்னா சாத்துறது. அடுத்த தடவை அச்சடிக்கறப்போ எங்கிட்ட ஒருக்கா காட்டிட்டு அடிங்க."

"தோட்டத்துத் தமிழில வந்தால் எங்களுக்கு விளங்காது" என்று யாரோ அவளுடைய மலையகப் பேச்சைச் சீண்டினார்கள்.

"விளங்காட்டிப் பரவாயில்ல, உயிரோட இருப்பீங்க" என்றாள் ராஜினி. இதற்கும் சிரித்தார்கள். அவள் நேசமலர் பக்கம் திரும்பினாள். "நேசமம்மா, சண்டை வேணாம். வர்ற செவ்வாய் எல்லா வீட்டுக்கும் ஒத்திகை. பகல் பத்து மணிக்கு விசில் ஊதுவேன். நீங்க வழக்கம்போலத் தோட்டத்துல நில்லுங்க. வழக்கம்போலப் பூட்டிட்டுப் போங்க. கௌசலா மூணு நிமிசத்துல வெளிய வந்தா நானே ஓம் போடுறேன்."

"என்ர தோட்டம் என்ன, பூநகரியிலையோ கிடக்கு? கூப்பிடு தூரம். விசில் கேட்டால் ஓடிவந்து திறப்பன். மூண்டு நிமிசம் கனக்க."

நேசமலர் அதை உண்மையாகவே நம்பினாள். அவள் ஓடிய காலத்தை அவள் மறக்கவில்லை. செல்லடிக்குள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் ஓடியவள் அல்லவா.

செவ்வாய்க்கிழமை வெயில் நல்ல ஏறுவெயில். அனோஜன் கையில் நேரம் பார்க்கிற தொலைபேசியோடு நேசமலரின் முற்றத்தில் நின்றான். ராஜினி யன்னல் வழியாக விளக்கினாள்: "விசில் கேட்டதும் அறை முழுக்கப் புகைன்னு நெனைச்சுக்க. கண்ணை மூடிக்க. கதிரையில இருந்தா மேல புகை. கீழ இறங்கி ஊர்ந்து வா."

"தெரியும் அக்கா. மாசியில படிச்சிட்டன்" என்றாள் கௌசலா மெதுவாக.

பத்து மணிக்கு ராஜினி விசிலை ஊதினாள். ஒழுங்கை முழுவதும் வீடுகளில் இருந்து ஆட்கள் சிரித்துக்கொண்டும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டும் வெளியே வந்தார்கள். சிற்றம்பலம் தலையணையோடு வந்தார்.

நேசமலர் வீட்டுக்குள்ளே தொப்பென்று ஒரு சத்தம். கௌசலா கதிரையில் இருந்து தன்னை நிலத்தில் இறக்கியிருந்தாள். பிறகு உள்ளங்கைகள் சீமெந்தில் படுகிற சத்தம். உடல் இழுபடுகிற சத்தம். ஐம்பத்தைந்து விநாடியில் கதவின் கீழ்ப்பாகத்தில் தட்டத் தொடங்கினாள். கால் உள்ளவர்களில் பலர் இவ்வளவு கெதியாக வந்திருக்கவில்லை.

தட்டினாள். "அம்மா! திறவுங்கோ!" தட்டினாள்.

இரண்டு நிமிடம். தோட்டத்துப் பக்கம் புழுதி தெரிந்தது.

மூன்று நிமிடம். அனோஜன், "மூண்டு" என்று சொன்னான். பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் உள்ளே கேட்டிருக்கிறது. தட்டுகிற சத்தம் நின்றது.

ராஜினி கதவில் காதை வைத்தாள். "கௌசலா?"

பதில் இல்லை.

"ஏய், கௌசலா!"

இல்லை. ராஜினி யன்னலுக்கு ஓடினாள். அங்கிருந்து வாசற்கதவின் அடி தெரியாது. இப்படிச் சத்தத்தை நிறுத்துவதைப் பற்றி அவர்கள் முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை.

நேசமலர் வந்து சேர்ந்தபோது நாலரை நிமிடம். ஒரு காலில் செருப்பில்லை. தோட்ட வேலைக்குப் போடுகிற நீளக்கைச் சேட்டின் மேல் பொத்தானில் கழுத்துக் கயிறு சிக்கிக்கொண்டது. இழுத்தாள், கயிறு இறுகியது. "பிள்ளை, வந்திட்டன், நில்லு" என்றாள். உள்ளே சத்தமில்லை. "கௌசி! கௌசி, வந்திட்டனடி!" சத்தமில்லை. திறப்பைப் பூட்டின் வாய்க்குள் விடக் கை சொல்லுக் கேட்கவில்லை. ராஜினி உதவிக்குக் கையை நீட்டினாள், நேசமலர் தட்டிவிட்டாள். ஒத்திகை என்பதை அவள் மறந்துவிட்டாள். கதவில் தலையை முட்டினாள். வெளியே இருந்த அவள்தான் இப்போது தட்டிக்கொண்டிருந்தாள்.

பூட்டு விழுந்தபோது ஆறு நிமிடமும் சில விநாடிகளும்.

கதவை முழுதாகத் திறக்க முடியவில்லை. கௌசலா அதன் அடியில் முகம் கவிழ்ந்து கிடந்தாள். நேசமலர் இடுக்குக்குள்ளால் நுழைந்து மகளின் தலையைத் தூக்கி மடியில் போட்டாள். கௌசலா கண்ணைத் திறந்தாள்.

"மூண்டு நிமிசம் முடிஞ்சிட்டுது அம்மா. அதுக்குப் பிறகு தட்டுறதுக்கு ஆள் இல்லைத்தானே."

நேசமலர் அவளை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை இறங்கி மகளின் தலைமயிரைப் பிடித்துக்கொண்டது. முற்றத்தில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அனோஜன் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கௌசலா மாசி மாதத்துக் கதையைத் தாயிடம் சொன்னாள். அயன், புகை, குடம், கம்பி எல்லாம். ஒன்றையும் குறைக்கவில்லை. "இப்ப மெசினை விக்கிறதெண்டால் வில்லுங்கோ. திறப்பை மட்டும் தாங்கோ."

"நான் ஆசைக்கே பூட்டுறன்?" என்று கேட்டாள் நேசமலர். "திரும்பி வந்து குடியிருந்த புதுசில ஒருத்தன் கதவைத் தள்ளினவன். ஆரெண்டு இண்டுவரைக்கும் தெரியாது. நான் கிணத்தடியில. ஆம்பிளை இல்லாத வீடு. அதுக்குப் பிறகு வாங்கின பூட்டடி இது."

"தெரியும். அண்டைக்குக் கதவு பூட்டியிருந்ததோ அம்மா?"

நேசமலர் கீழே விழுந்து கிடந்த பூட்டைப் பார்த்தாள்.

"சும்மா சாத்தித்தான் கிடந்தது. கதிரையால விழுந்து ஊர்ந்து வந்து, கதவுக்கு என்ர முதுகைக் குடுத்துக்கொண்டு கத்தினனான். செல் பட்ட முதுகு. அவன் தள்ளத் தள்ள நான் அரக்கேல்லை. அவன் ஓடினது பூட்டுக்குப் பயந்து இல்லை அம்மா, எனக்குப் பயந்து. பூட்டு அடுத்தநாள்தானே வந்தது."

பதினான்கு வருடமாக அந்த வீட்டில் இந்தக் கதையை இப்படி யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. நேசமலர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ புதிதாக ஒரு ஆளைப் பார்ப்பதுபோல.

"திரும்ப ஒருத்தன் வந்தால்?" என்று கடைசியாகக் கேட்டாள். முன்னைய பலம் அந்தக் கேள்வியில் இல்லை.

"வந்தால் நானே பூட்டுவன். உள்ளுக்க இருந்து. நெருப்பு வந்தால் நானே திறப்பன்."

ராஜினி வாசலில் குந்தினாள். "நேசமம்மா, எங்க வீட்டுக்காரர் தச்சு வேலைதானே? பின்னேரம் வரச் சொல்றேன். அவ கை எட்டுற உயரத்துல உள்பக்கம் ரெண்டு தாழ்ப்பாள். நல்ல கனமா. வெளியில இருந்து யானை தள்ளுனாலும் அசையாது. உள்ள இருந்து ஒரு விரல் போதும்."

"திறாங்கு எண்டு சொல்லு" என்றாள் நேசமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"என்னமோ ஒண்ணு. பின்கதவுப் பலகையையும் கழட்டிரலாம்."

"அதுக்கும் திறாங்கு போடவேணும்."

"போட்டாப் போச்சு."

ராஜினியின் கணவன் வினோதன் அன்று பின்னேரமே வந்தான். முன்கதவுக்கு இரண்டு, பின்கதவுக்கு இரண்டு. கௌசலாவை நிலத்தில் இருத்தி, அவள் கை போகிற உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் ஆணி இறக்கினான். கதிரையில் இருந்தாலும் எட்டவேண்டும், நிலத்தில் கிடந்தாலும் எட்டவேண்டும் என்று அவள் சொன்னாள். இரண்டு உயரம் வந்தது அதனால்தான். வாசற்படியில் கதிரை சிக்குகிற இடத்தையும் அவன் செதுக்கிவிட்டான். வெள்ளிக்கிழமை மறு ஒத்திகை வைத்தார்கள். கௌசலா ஒருதரம் முன்கதவாலும் ஒருதரம் பின்கதவாலும் வந்தாள். இரண்டு தரமும் ஒன்றரை நிமிடத்துக்குள். தோட்டத்தில் நின்ற தாய், தான் திரும்பியே பார்க்கவில்லை என்று பிறகு சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்று அவள் பிடுங்கிய கச்சானில் பாதி மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றது.

அனோஜன் புதுத் துண்டுப்பிரசுரம் அடிக்கும் முன் எழுதியதை ராஜினிக்கு வாசித்துக் காட்டினான். "உள்கதவுகளைச் சாத்தி வைக்கவும். வாசற்கதவின் திறப்பு, வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்." ராஜினி இரண்டுமுறை கேட்டுவிட்டு, "திறப்புன்னா சாவின்னு பக்கத்துல போடுங்க சேர், எங்க ஆளுங்களுக்கு" என்றாள். போட்டான். ஏழாம் கேள்விக்கு ராஜினி 'ஓம்' போட்டாள், தாங்கியும் பம்பும் வந்தன. அப்புத்துரை அதற்குப் பொட்டு வைத்து மாலை போட்டுப் படம் எடுத்தார்.

மூன்று கிழமை போயிருக்கும். நடு மத்தியானம் நேசமலர் தோட்டத்தில் இருந்து வந்தாள். கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினாள்.

"ஆரது?"

"நான்தான்."

"நான்தான் எண்டால்?"

"உன்ர கொம்மா!"

"எங்கட அம்மா தோட்டத்துக்குப் போயிட்டா. வேற ஆரும் வந்தால் திறக்கக் கூடாதெண்டு சொல்லிப்போட்டுப் போனவா. அடையாளம் ஏதும் இருந்தால் சொல்லுங்கோ."

"கதவைத் திற, அடையாளத்தை உன்ர முதுகில வைக்கிறன்."

உள்ளே சிரிப்பு. "பொறுங்கோ அம்மா, கைப்பட்டி பிடிச்சுக்கொண்டிருக்கிறன். இழை விட்டால் கோணிப்போகும். முடிச்சிட்டு வாறன்."

மெசின் திரும்பவும் ஓடத் தொடங்கியது. நேசமலர் செடிக்கட்டை இறக்கி வைத்துவிட்டு, சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்து, வாசலில் நிழல் விழுந்த இடமாகப் பார்த்துக் குந்தினாள். ஒழுங்கையால் தண்ணீர்க் குடத்தோடு போன கமலாசனி நின்றாள்.

"என்னக்கா, சொந்த வீட்டு வாசல்ல இருந்து காவல் காக்கிறியள்?"

நேசமலர் காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"அப்பிடியொண்டும் இல்லை. வீட்டுக்காரி திறக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."